நாற்பத்தொன்பதாம் வருஷத்துக் கடிதம்

கிணற்றுச் சுவரை இன்னும் இரண்டு முழம் உயர்த்திக் கட்டிவிட வேண்டும் என்று வாப்பா சொன்னபோது நான் அவருக்கு மீன் ஆணம் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் சைகோனிலிருந்து வந்து பதினோரு நாள் ஆகியிருந்தது. கொத்தனார் தெட்சிணாமூர்த்தியிடம் காலையிலேயே பேசிவிட்டதாகவும், வியாழக்கிழமை செங்கல் வந்து இறங்கும் என்றும் சோற்றைப் பிசைந்தபடியே சொன்னார். பிறகு, முள் இருக்கிறதா என்று பார்ப்பவர்போலத் தட்டின்மேல் குனிந்துகொண்டார்.

“உங்க உம்மா கால் வழுக்கின மாதிரி இன்னொருத்தருக்கு ஆயிடக் கூடாது பாரு.”

உம்மாவின் அக்கா கமர் நிஷா, உம்மா போனபின் என்னை வளர்த்த பெரியம்மா, அடுப்படியிலிருந்து ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். வாப்பா சொன்னதில் ஊருக்குத் தெரியாத சங்கதி ஒன்றும் இல்லை. நாற்பத்தொன்பதாம் வருஷம் ஐப்பசியில், மழை விட்டிருந்த ஒரு முற்பகலில், பாசிக்கல்லில் கால் வழுக்கி என் உம்மா கிணற்றில் விழுந்து மவுத்தானார். காரைக்காலில் யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். அது அப்படி இல்லை என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டவர்கள் இரண்டே பேர் என்று நான் ஆறு வருஷத்துக்கு மேலாக நம்பிக்கொண்டிருந்தேன். ஒன்று நான். மற்றவர், இதோ எதிரில் உட்கார்ந்து முள்ளைத் தட்டோரம் ஒதுக்கிக்கொண்டிருக்கும் வாப்பா. ஏனென்றால் நானே அவருக்கு எழுதியிருந்தேன். அவர் பதிலும் எழுதியிருந்தார்.

அவர் லுஹர் தொழுகைக்குப் பள்ளிவாசலுக்குப் புறப்பட்டதும் உள்ளறைக் கதவைச் சாத்திக்கொண்டு பெட்டியைத் திறந்தேன். எனக்கு வந்த கடிதங்கள் எழுபத்திரண்டு. அவர் சைகோனுக்குத் துணிக்கடை வேலைக்குப் போகும்போது எனக்கு மூன்று வயசு, முகம் நினைவில்லை. இரண்டு வருஷத்தில் திரும்பிவிடுவதாகச் சொல்லிப் போனவரை முதலில் பெரிய யுத்தம் பிடித்து வைத்துக்கொண்டது. அது முடிந்ததும் அந்த ஊரின் சொந்த யுத்தம். பத்தொன்பது வருஷம். ஆகவே எனக்கு வாப்பா என்றால் ஒரு ஆள் இல்லை, ஒரு கையெழுத்து. எங்கள் தெருப் பெண்கள் எல்லாரையும்போல நானும் தமிழை அரபு எழுத்தில்தான் எழுதக் கற்றுக்கொண்டேன். குர்ஆன் ஓதிக்கொடுத்த சஃபியா லாத்தா அதையும் சேர்த்தே சொல்லிக்கொடுத்தார். பள்ளிக்கூடத்துத் தமிழ் எழுத்து ஆண்பிள்ளைகளுக்கு. வாப்பாவின் கடிதங்களும் அரபு எழுத்துத் தமிழில்தான் வரும். அதில் எனக்கு ஒரு பெரிய தைரியம். பிரெஞ்சுக்காரன் இருந்த நாளில் வாஞ்சூர்ச் சுங்கச் சாவடியில் மூட்டையைப் பிரிப்பார்கள், பெட்டியைப் பிரிப்பார்கள், உறையை வெயிலில் தூக்கிப் பார்ப்பார்கள். பார்க்கட்டுமே, எனக்கும் வாப்பாவுக்கும் நடுவில் இருக்கிற எவனுக்கும் இது புரியாது என்று நினைத்துக்கொள்வேன். அந்தத் தைரியத்தில்தான் எதையும் எழுதினேன். பெரியம்மாவோடு போட்ட சண்டையை எழுதினேன், நோன்பில் யாருக்கும் தெரியாமல் தண்ணீர் குடித்ததை எழுதினேன். எல்லாவற்றுக்கும் பதில் வந்தது. பக்கத்துக் கடைச் சீனனின் வாத்து தினமும் அஸர் தொழுகை நேரத்துக்குக் கடைவாசலில் வந்து நிற்கிறது, தொழ வைக்கத்தான் ஆளில்லை என்று ஒரு கடிதத்தில் இருக்கும். அதைப் படித்துப் படித்துச் சிரித்து வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன்.

நாற்பத்தொன்பதில் நான் எழுதியதையும் சொல்லிவிடுகிறேன். அன்று காலையில் சைகோனிலிருந்து உம்மாவுக்கு ஒரு கடிதம் வந்தது. இந்த வருஷமும் வர இயலாது, பொறுத்துக்கொள்ள வேண்டியது என்று மூன்று வரி. உம்மா அதைப் படித்து, மடித்து, வெற்றிலைப் பெட்டிக்குள் வைத்தார். அடுப்பில் சோற்றைப் பார்த்துக்கொள் என்று என்னிடம் சொல்லிவிட்டுக் கொல்லைக்குப் போனார். அடுப்படி ஜன்னல் வழியே பார்த்தேன். உம்மா கிணற்றடியில் நின்று கைவளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றித் துவைக்கிற கல்லின்மேல் வைத்தார். தண்ணீர் இறைக்கப் போகிறவர்கள் வளையலைக் கழற்ற மாட்டார்கள். எனக்குக் கத்த வேண்டும் என்று தோன்றவில்லை. சோறு பொங்குகிறதே என்று திரும்பினேன். திரும்பிய அந்த நேரத்துக்குள் முடிந்துவிட்டது. இவ்வளவையும் எழுதினேன். பதினைந்து வயசுப் பெண், வேறு யாரிடம் போய்ச் சொல்வாள்?

பதில் வர இரண்டு மாதம் ஆயிற்று. அந்தக் கடிதத்தை நான் பெட்டியின் அடியில், என் நிக்காஹ் புடவைக்குள் வைத்திருந்தேன். எடுத்து மறுபடி படித்தேன்.

‘கண்மணியான மகள் அஜீசுன்னிசாவுக்கு. உன் கடிதம் கிடைத்தது. இரண்டு முறை படித்தேன். நீ கண்ணால் கண்டதை நான் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதை இனி நீ சுமக்க வேண்டாம். என்னிடம் கொடுத்துவிட்டாய், நான் வைத்துக்கொள்கிறேன். உன் உம்மாவின் மனசு அல்லாஹ்வுக்குத் தெரியும். அவன் நம்மைப்போல் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்கிறவன் இல்லை. நீ திரும்பிப் பார்க்காமல் சோற்றைப் பார்த்தது குற்றமில்லை, அது உம்மா சொன்ன வேலை. இனி இதைப் பற்றி யாரிடமும் பேசாதே. எனக்கும் எழுதாதே. சாப்பிடு. தூங்கு.’

இந்தத் தாள் இல்லாவிட்டால் நான் என்ன ஆகியிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அன்றைக்கு இதைப் படித்த பிறகுதான் தூங்கினேன். இப்படி எழுதிய மனுஷன், இன்று வந்து உட்கார்ந்து கால் வழுக்கியது என்று சொல்கிறாரே, எப்படி? மறந்துவிட்டாரா? ஒரு ஆள் தலையில் அடிபட்டாலொழிய இதை மறக்க முடியாது. பெரியம்மாவுக்கு எதிரே வேண்டுமென்றே அப்படிச் சொன்னாரா? அதுதான் இருக்கும் என்று என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். ஆனால் அவர் சொன்ன குரலில் ஒளித்துப் பேசுகிறவரின் சாயல் துளியும் இல்லை. துணி அளக்கிறவர் இத்தனை கெஜம் என்று சொல்வதுபோலச் சொன்னார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிலிருந்து அவரைத் திருடனைப் பார்ப்பதுபோலப் பார்க்க ஆரம்பித்தேன். கடிதத்து வாப்பா பேச்சுக்காரர். இவர் நாலு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். பேசினாலும் மல்லுத்துணியின் அகலம், அங்கே கிடைக்கிற அரிசியின் ருசி, இவ்வளவுதான். சாய்வு நாற்காலியில் வாயைத் திறந்து வைத்துக்கொண்டு தூங்குவார். வாத்தைப் பற்றி ஒருநாள் கேட்டேன். எந்த வாத்து என்று என்னையே கேட்டார். கடிதத்தில் எல்லாரும் கொஞ்சம் கூடுதலாக நல்லவர்களாகத்தான் இருப்பார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதே சமயம் அவர் காலையில் சுபுஹு தொழுகை முடிந்ததும் நேரே உம்மாவை அடக்கிய கபுருக்குத்தான் போனார். தினமும். போய்ச் சலாம் சொல்லி, ஓதி, அங்கேயே கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருவார். வரும்போது முகம் தெளிந்திருக்கும். அல்லா அவளுக்கு எழுதுன ஹயாத்து அவ்வளவுதான், கல்லுல கால் வச்சது ஒரு சாக்கு என்று ஒருநாள் பெரியம்மாவிடம் சொன்னதைக் கேட்டேன்.

இன்னொரு நாள் பெரியம்மா சைகோனில் இருந்த ஊர்க்காரர்களைப் பற்றி ஒவ்வொருவராக விசாரித்துக்கொண்டிருந்தார். கமாலுதீன் என்று ஒருவர், இவர்கள் கடையிலேயே இருந்தவர், அங்கேயே மவுத்தாகிவிட்டார் என்று வாப்பா சொன்னார். எப்படி என்று பெரியம்மா கேட்டார்.

“விஷத்த குடிச்சிட்டான். அல்லா குடுத்த உசுர தானா எடுத்துக்கிட்டவன். அவன் மையித்துக்கு நான் தொழப் போவலே. எங்க ஆளுங்க யாருமே போவலே, நூகு நானா ஒருத்தங்கதான் போனாங்க.”

அதைச் சொல்லிவிட்டு அவர் வெற்றிலையைக் கிள்ளி வாயில் போட்டுக்கொண்டார். பெரியம்மா எழுந்து போனார். நான் கதவோரம் நின்றுகொண்டிருந்தேன். இவருக்குத் தெரியாது. உம்மாவைப் பற்றித் தெரிந்த ஆள் இப்படிப் பேச முடியாது. தெரிந்துவிட்டால் நாளைக் காலையிலிருந்து கபுருக்குப் போக மாட்டார், அது மட்டும் எனக்குத் திட்டமாகப் புரிந்தது. என் உம்மாவுக்கு இந்த உலகத்தில் இப்போது இருப்பது தினமும் வந்து நிற்கிற அந்த ஒரு சலாம்தான். அதுவும் போய்விடும்.

அப்படியானால் எனக்குப் பதில் எழுதியது யார்?

விடை ஒரு காலையில் தானாக வந்தது. கூடத்தில் ரிஹால் பலகைமேல் குர்ஆனை விரித்து வைத்து வாப்பா யாசீன் அத்தியாயத்தை ஓதிக்கொண்டிருந்தார். நல்ல குரல், ஒரு இடத்திலும் தட்டவில்லை. தண்ணீர் வைக்கப் பின்பக்கமாகப் போனவள் அவர் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். விரிந்திருந்தது யாசீன் இல்லை. அதற்கு எத்தனையோ பக்கம் முன்னால், பகரா அத்தியாயத்தில் ஒரு பக்கம். அவர் கண் வரிகளின்மேல் போய்க்கொண்டிருந்தது, விரலும் போயிற்று, நடுவில் ஒரு பக்கத்தை அழகாகத் திருப்பவும் செய்தார். சொம்பைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன்.

மதியம் பினாங்கிலிருந்து என் கணவர் நெய்னா முகம்மது எழுதிய கடிதத்தை எடுத்துக்கொண்டு போய், படித்துச் சொல்லுங்கள் வாப்பா என்று நீட்டினேன். எதற்கும் ஒரு நிச்சயம் வேண்டுமே என்றுதான். கண்ணாடியைத் தேடுவார், கண் மங்கல் என்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் எதுவும் தேடவில்லை. எனக்கு எழுதப் படிக்கத் தெரியாதே, உனக்குத் தெரியாதா என்று ஆச்சரியமாகக் கேட்டார். சின்ன வயசிலேயே கப்பலேறிவிட்டதையும், யாசீனும் இன்னும் சில சூராக்களும் காதால் கேட்டு மனப்பாடம் ஆனதையும் வெட்கமில்லாமல் சொன்னார். வெட்கப்பட அதில் என்ன இருக்கிறது? கடையில் பதினோரு பேர். அதில் எழுதத் தெரிந்தவர் நூகு நானா ஒருவர். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து சாப்பிட்டதும் அவர் முன்னால் வரிசையாகப் போய் உட்காருவார்களாம். ஊரிலிருந்து வந்ததைப் படித்துக் காட்டுவார், கேட்டுக்கொண்டு பதில் எழுதுவார். பதினோரு குடும்பம், அத்தனைக்கும் அவர்தான்.

“நான் சொல்றது என்ன, சவுக்கியம், நல்லா இரு, ஒழுங்கா ஓது, இம்புட்டுதான். மவளுக்கு நல்லா எழுதிடுங்க நானாம்பேன். அவங்க பக்கம் பக்கமா எழுதுவாங்க. படிச்ச மனுசன்.”

பெருமையாகத்தான் சொன்னார். அந்தப் பெருமையோடு இன்னொன்றும் சொன்னார். நூகு நானாவும் கடையை ஒப்படைத்துவிட்டுப் புறப்பட்டாயிற்று. சிங்கப்பூர் வழியாக வருகிற அடுத்த கப்பலில் நாகப்பட்டினத்தில் இறங்குகிறார். அவருக்கு ஊர் அம்பகரத்தூர், போகிற வழியில் முதலில் நம் வீட்டுக்குத்தான் வருவார், நல்ல பிரியாணியாக ஆக்க வேண்டும். நான் தலையை ஆட்டினேன். கொல்லைக்குப் போனேன்.

பெரியம்மா என் பின்னாலேயே வந்தார். தெட்சிணாமூர்த்தியின் ஆட்கள் கட்டிவிட்டுப் போன புதுச்சுவர் ஈரம் காயாமல் இருந்தது, அதில் சாயாதே என்றார். வாப்பாவுக்கு எழுதத் தெரியாது என்பது உங்களுக்குத் தெரியுமா என்று கேட்டேன். தெரியும் என்றார். உம்மாவுக்கு?

“கட்டுனவளுக்குத் தெரியாம இருக்குமா? கல்யாணத்தன்னைக்கே தெரியும். ஒனக்குச் சொல்ல வேணாம்னுட்டா. புள்ள கடுதாசி வந்தா குதிக்குது, அதையும் ஏன் கெடுக்கணும்னா.”

நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். உம்மா வாப்பாவுக்கு எழுதுவதெல்லாம் எப்போதும் நாலே வரிதான். சலாம், அனைவரும் நலம், துஆ செய்யவும், இப்படிக்கு. இவ்வளவுதானா உம்மா, இன்னும் எழுதுங்களேன் என்று நான் கேலி செய்வேன். நான் பக்கம் பக்கமாக எழுதிக் குவித்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து சிரிப்பேன். உம்மாவும் சிரித்துக்கொண்டு உறையை ஒட்டுவார். ஒரு பெண் தன் புருஷனுக்கு எழுதுவதை முன்பின் தெரியாத ஒரு ஆண் பிரித்து, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கிற கூடத்தில் படிப்பான். அவள் என்ன எழுதுவாள்? நீங்கள் இல்லாமல் முடியவில்லை என்று எழுதுவாளா? பன்னிரண்டு வருஷம் உம்மாவுக்குச் சொல்வதற்கு ஆளே இல்லாமல் இருந்திருக்கிறது, நான் அதைப் பார்த்துச் சிரித்திருக்கிறேன். அழுகை வந்தது. ஆனால் பயம் அழவிடவில்லை. நான் எழுதியதை அந்தக் கூடத்தில் வைத்துத்தானே அவர் பிரித்திருப்பார்?

பெரியம்மா என் முதுகைத் தடவினார். அன்று துவைக்கிற கல்லிலிருந்து வளையல்களை எடுத்து, ஆட்கள் வருவதற்குள் மறைத்தது அவர்தான் என்பதை நாங்கள் இருவரும் ஒருநாளும் பேசியதில்லை. அன்றும் பேசவில்லை.

அடுத்த பதினெட்டு நாட்கள் நான் எப்படி இருந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. எழுபத்திரண்டு கடிதங்களையும் எடுத்து எடுத்துப் படித்தேன். அதே எழுத்து, அதே வாத்து, அதே ‘சாப்பிடு, தூங்கு’. ஆனால் எழுதியவர் முகம் தெரியாத ஒரு அன்னியர். என் நோன்பு, என் சண்டை, என் கல்யாணத்துக்கு முந்தின நாள் எனக்கு இருந்த நடுக்கம், எல்லாம் அவருக்குத் தெரியும். வெட்கத்தில் உடம்பு கூசியது. அதோடு கோபமும் வந்தது, அந்த மனுஷர் செய்த நன்மையை நினைத்தால் கோபப்படவும் முடியவில்லை. என் கணவரின் கடிதம் வந்தபோது இது யார் எழுத்து என்று உற்று உற்றுப் பார்த்தேன். எல்லாவற்றுக்கும் மேலே ஒரே கேள்விதான். வரப்போகிறவர் வாயைத் திறப்பாரா? சைகோனில் மறைத்தார், சரி. மறைத்தே ஆக வேண்டிய நிலைமை. இங்கே வந்து, எல்லாம் முடிந்த கதைதானே தம்பி என்று ஒரு பேச்சில் விட்டுவிட்டால்? வயசானவர்கள் அப்படித்தான் விடுகிறார்கள். ஒவ்வொரு நாளும் வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் கை வேலை நின்றுவிடும்.

அவர் வந்தது ஒரு திங்கட்கிழமை, அஸருக்குப் பிறகு. நான் கூடத்துக் கதவின் திரைக்குப் பின்னால் நின்றேன். திரையின் ஓரத்தில் ஒரு விரற்கடை இடைவெளி. எப்படிப்பட்ட ஆளை எதிர்பார்த்தேனோ தெரியவில்லை, வந்தவர் ஒட்டிய கன்னமும் பழைய தொப்பியுமாக என் தோள் உயரம்தான் இருப்பார். பேசும்போது நடுநடுவே இருமினார். அந்தக் குரலில் என் கடிதங்களை ஒட்டிப் பார்த்தேன், ஒட்டவில்லை. வாப்பா அவரைச் சாய்வு நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுத் தான் கீழே பாயில் உட்கார்ந்தார். கப்பல், கடல், கடையை எடுத்துக்கொண்ட ஆள் என்று பேச்சு போயிற்று. கமாலுதீனின் பெயர் ஒரு தடவை வந்தது. நான் திரையைப் பிடித்துக்கொண்டேன். நூகு நானா, அல்லாஹ் அவனை மன்னிக்கட்டும் என்று சொல்லி வேறு பேச்சுக்குப் போய்விட்டார். சாப்பாடு முடிந்தது. அம்பகரத்தூர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று எழுந்தார். எழுந்தவர், தான் கொண்டுவந்த துணிப்பையிலிருந்து ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வாப்பாவின் பக்கத்தில் வைத்துவிட்டு, திரையைப் பார்க்காமல் தரையைப் பார்த்தபடி என்னிடம் பேசினார்.

“இந்தாம்மா, நூகு பேசுறேன். நீங்க வாப்பாவுக்கு எழுதுன கடுதாசி எல்லாம் இதுல இருக்கு, ஒன்னுகூட தவறலே. நாப்பத்தொன்பதுல வந்தத மட்டும் தனியா துணியில சுத்தி வச்சிருக்கேன். அத நீங்களே எடுத்து வச்சுக்குங்க.”

அவர் சொல்லாமலே இருந்தார் என்பது எனக்கு அந்தக் கணத்தில் புரிந்துவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை, கிழிக்கவும் மனசு வரவில்லை, கடல் தாண்டிக் கொண்டுவந்து உரியவளிடம் சேர்த்துவிட்டார். எத்தனையோ சொல்ல வேண்டும் என்று வந்தது. சரி என்று மட்டும் சொன்னேன். அத்தனை வருஷத்தில் அவர் கேட்ட என் குரல் அந்த ஒரு வார்த்தைதான். அவர் தலையை ஆட்டிவிட்டு, வாப்பாவைத் தழுவிக்கொண்டு, செருப்பை மாட்டிக்கொண்டு போனார். பயம் முடிந்தது என்று நினைத்து அப்படியே திரைக்குப் பின்னால் உட்கார்ந்தேன்.

வாப்பா வாசல்வரை போய் அவரை வழியனுப்பிவிட்டு வந்து டப்பாவை மடியில் வைத்துக்கொண்டார். அந்தக் குவியலில் எது எந்த வருஷத்துக் கடிதம் என்று அவருக்குத் தெரிய வழியே இல்லை. ஆயுள் முழுக்க அதைக் கையில் வைத்துக்கொண்டிருந்தாலும் தெரிந்திருக்காது. ஆனால் ஒன்றே ஒன்று வெள்ளைத் துணியில் சுற்றியிருந்தது. நூகு நானா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துச் சுற்றியது. வாப்பாவின் கை நேரே அதற்குத்தான் போயிற்று. என்னைக் கூப்பிட்டார். அடுப்பில் வேலை இருக்கிறது, மஃரிபுக்குப் பிறகு படிக்கிறேன் வாப்பா, கொடுங்கள் என்றேன். கொடுக்கவில்லை. பாயில் தன் பக்கத்தில் இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியும் அவர் தனக்கென்று என்னிடம் தண்ணீர் தவிர வேறொன்றும் கேட்டதில்லை.

“இது உங்க உம்மா மவுத்துக்கு அப்பறம் நீ எழுதுனது. எனக்குத் தெரியும். நானா படிக்கும்போதே அவங்களுக்குத் தொண்டை அடைச்சுப் போச்சு. மறுக்கா படிங்கன்னேன், கண்ணு எரியுதுன்னுட்டாங்க. உம்மா கடைசியா என்னெப் பத்தி ஒரு நல்ல வார்த்தை சொன்னதா எழுதியிருந்தியே, அது என்னான்னு மறந்து போச்சும்மா. கபுருகிட்ட நின்னு தெனமும் யோசிக்கிறேன், வர மாட்டேங்குது.”

அந்த மனுஷர் என்ன படித்துக் காட்டினார் என்று எனக்கு எப்படித் தெரியும்? பதினோரு பேர் உட்கார்ந்திருந்த கூடத்தில், என் கடிதத்தைக் கையில் விரித்துக்கொண்டு, ஒரு நொடியில் என்ன தோன்றியதோ அதைச் சொல்லியிருக்கிறார். ஒரு நல்ல வார்த்தை. அவர் பஸ்ஸில் ஏறியிருப்பார். ஓடிப் போய்க் கேட்கவும் முடியாது. அடுப்படியில் பெரியம்மா பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது. தப்பாக ஏதாவது சொன்னால், இது அது இல்லையே என்று அவருக்கு நினைவு வந்துவிடுமோ? வந்து, இன்னொருவரிடம் கொண்டுபோய்ப் படிக்கச் சொல்வாரோ? எங்கள் தெருவில் இதைப் படிக்கத் தெரிந்தவர்கள் வீட்டுக்கு ஒருவர் இருக்கிறார்கள்.

வாப்பா துணியைப் பிரித்தார். தாள் மடிப்புகளில் நைந்து கிழியும் நிலையில் இருந்தது, பலமுறை பிரித்து மடித்திருக்கிறார்கள். அதை என் மடியில் விரித்து, நடுப்பக்கத்தில் ஒரு வரியின் வலது ஓரத்தில் சுட்டுவிரலை வைத்தார். இங்கதான் எங்கயோ இருக்கும், இதுலேருந்து படி என்றார். விரலுக்கு நேரே பார்த்தேன். நீங்கள் வந்திருந்தால் உம்மா இருந்திருப்பார் என்று என் கையெழுத்தில் இருந்தது. இப்படி ஒரு வரியை எழுதியதே எனக்கு நினைவில்லை.

உம்மா அன்று காலையில் தலை சீவிக்கொண்டே என்னிடம் சொன்னார் என்று தொடங்கினேன். படிக்கிறவள் படிக்கிற வேகத்தில், நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். என் குரலோடு அவர் விரலும் வலமிருந்து இடமாக ஒவ்வொரு எழுத்தாகத் தொட்டுக்கொண்டு நகர்ந்தது. வரி முடிந்த இடத்தில், தாளின் ஓரத்தில், விரல் நின்றது. அடுத்து வரப்போகிற வார்த்தைக்காக அது அங்கேயே இருந்தது.